மங்கிப்போன கார்

“மறுபடியும் மெழுகா?” என்றாள், கார் பாலிஷ் கடை நடத்தும் பெண். “சீலன்ட் பூச்சு போட்டா ஆறு மாசம் கவலையே இல்ல. மெழுகு ரெண்டே மாசத்துல போயிடும், வாத்தியாரே!”

“போகட்டுங்க.”

ஆறு மாதம் அவளைப் பார்க்காமல் இருக்க வாத்தியாரால் முடியாது. இன்றாவது மனதில் உள்ளதைச் சொல்லிவிடக் கடவுளிடம் தைரியம் கேட்டுத்தான் வந்திருந்தார். வாயில் வந்ததோ வேறு.

“பெயின்ட் ரொம்ப மங்கிப்போச்சு, மேடம்.”

அவள் ஒரு குவளைத் தண்ணீரை பானெட்டில் ஊற்றினாள். அது முத்து முத்தாக உருண்டோடியது.

“மங்கின பெயின்ட்ல தண்ணி இப்படியா ஓடும்? பாவம், அடிக்கடி அலையுறாரேன்னு போன தடவையே மெழுகுக்குப் பதிலா சீலன்ட் போட்டுட்டேன். இன்னும் நாலு மாசம் தாங்கும்.”

அவள் செய்த சின்ன உதவி அவருடைய பொய்யைக் காட்டிக்கொடுத்துவிட்டது. காது மடல்வரை சிவந்தார்.

“அப்ப... நான் கிளம்பட்டுமா?”

“கிளம்புங்க. நாளைக்கே வாங்க,” சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள். “கார் வேண்டாம். உங்க அம்மாவைக் கூட்டிட்டு வாங்க.”