திரும்பி வந்த பல்

"உனக்குப் புண்ணியமாப் போகும், எங்கப்பா வாயை மட்டும் பார்த்துடாதே," என்றாள் அவள், வாசல் மணியை அழுத்துவதற்கு முன்.

"பேசறவர் வாயைப் பார்க்காம வேற எதைப் பார்க்கிறது?"

"கண்ணைப் பாரு. எல்லாரும் அதைத்தான் பார்க்கிறாங்க."

அவனுக்கு அது வராது. அவன் பல் கட்டும் லேபில் வேலை செய்பவன். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, மெழுகில் உருவம் கொடுத்து, பல் செட் செய்து அனுப்புவான். எதிரே யார் வந்தாலும் பார்வை நேராகப் பல்லுக்குத்தான் போகும். அவளை முதன்முதலில் பேருந்தில் பார்த்தபோதும் அப்படித்தான். "நான் என்ன மாட்டுச் சந்தையிலயா நிற்கிறேன்?" என்று கேட்டுவிட்டாள். அதற்கு மன்னிப்புக் கேட்கப் போய்த்தான், இன்று பெண் கேட்டு வந்து நிற்கிறான்.

"அப்பா தணிக்கை அதிகாரி. கறார் பேர்வழி," என்றாள் அவள். "போன வருஷம் சளின்னு ஒரு மாசம் வாயில கைக்குட்டையோட திரிஞ்சார். அப்பவும் ஒரு நாள் லீவு போடலை. அவர் வேண்டாம்னா எனக்கும் வேண்டாம், முன்னாடியே சொல்லிட்டேன். இன்னொண்ணு, வேண்டாம்கிறதை எல்லார் முன்னாடியும் சொல்ல மாட்டார். கேட் வரைக்கும் தனியாக் கூட்டிட்டுப் போய்ச் சொல்லுவார். அக்காவுக்கு வந்த ரெண்டு மாப்பிள்ளைகள் அப்படித்தான் போனாங்க."

கதவு திறந்தது. அம்மா சிரித்த முகமாக உள்ளே அழைத்தாள். அப்பா செய்தித்தாளோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணைப் பார்க்கத் துணிச்சல் வராமல், அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்வையால் பிடித்துக்கொண்டான் அவன்.

"என்ன பண்றீங்க தம்பி?"

"பல் கட்டற வேலைங்க சார்."

"டாக்டரா?"

"இல்லை சார். டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார். பல்லை நாங்க செய்வோம்."

"அதாவது, பொய்ப்பல்."

"ஆமா சார்," என்றான் பொத்தானிடம்.

"பொய்யைக் கண்டுபிடிக்கிறது என் வேலை. பொய்யைச் செய்யறது உங்க வேலை. நல்ல பொருத்தம்."

"ஆரம்பிச்சாச்சா?" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"நல்லாச் செஞ்சா உங்களாலகூடக் கண்டுபிடிக்க முடியாது சார்," என்று சொல்லிவிட்டான். மேஜைக்கு அடியில் அவன் காலை அவள் மிதித்தாள்.

அப்பா செய்தித்தாளை ஒரு மடிப்பு மடித்தார். "இதையே செஞ்சுக்கிட்டு இருக்கிறதாத்தான் உத்தேசமா? வேற பெரிய வேலைக்குப் போக ஆசை இல்லையா?"

"இல்லை சார். இது பிடிச்சிருக்கு."

"என்ன பிடிச்சிருக்கு? நீங்க செஞ்ச பல்லை யார் போட்டிருக்காங்கன்னாவது தெரியுமா?"

"தெரியாது சார். பெட்டி மேல நம்பர்தான் இருக்கும். ஆனா சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப, கடை வாசல்ல ஒரு பெரியவர் நின்னு ஆப்பிளை நறுக்குன்னு கடிச்சார்னு வைங்க, நம்ம பல்லா இருக்குமோன்னு ஒரு சந்தேகம் வரும். எனக்கு அந்தச் சந்தேகமே போதும் சார். அன்னிக்கு ராஜா மாதிரி நடந்து போவேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

"புகார் எல்லாம் வராதா?"

"வரும் சார். போன வருஷம் ஒருத்தர் மூணு தடவை திருப்பி அனுப்பினார். மேல்வரிசையில முன்பல் நாலு."

"அப்படி என்ன குறை உங்க வேலையில?"

"குறையே இல்லைன்னுதான் சார் அனுப்பினார்."

செய்தித்தாள் அசையாமல் நின்றது.

"எங்க முதலாளி, இந்த ஆளுக்குக் கிறுக்கு, விட்டுத் தள்ளுன்னார். டாக்டருக்கும் கோபம். எனக்கு மட்டும் அவர் கேட்கிறது நியாயமாப் பட்டுது. தன்னோட பழைய பல்லு எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும், அவ்வளவுதானே? பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி எடுத்த அச்சை வச்சு, ஞாயித்துக்கிழமை தனியா உட்கார்ந்து செஞ்சேன். அது திரும்பி வரலை. நான் செஞ்சதுல அதுதான் சார் நல்ல வேலை."

"அந்த ஆள் யார்னு விசாரிக்கலையா?"

"எதுக்கு சார்? தெரிஞ்சாலும் வெளிய சொல்லப் போறதில்லை. பல் கட்டினவங்க பாதிப் பேர் வீட்டுலகூடச் சொல்றதில்லை."

அப்பா தொண்டையைச் செருமினார். அம்மா கொண்டுவந்த காபியை மெதுவாகக் குடித்து முடித்தார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க தம்பி, கேட் வரைக்கும் வரேன்."

அவள் முகம் வாடிவிட்டது. கூடவே எழுந்தாள்.

"நீ இரும்மா," என்றார் அப்பா.

கேட் வரை இருவரும் நடந்தார்கள். அவர் தாழ்ப்பாளில் கை வைத்தார். திரும்பி வீட்டைப் பார்த்தார். ஜன்னலில் தாயும் மகளும் நின்றார்கள். பேச்சுக் கேட்காத தூரம்தான். பொத்தானிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் தீர்ப்புக்குக் காத்திருந்தான்.

"அந்தப் பொத்தானை விட்டுட்டு இங்கே பாருங்க, மாப்பிள்ளை."

அவன் நிமிர்ந்தான். அவர் வாயைத் திறந்து சிரித்தார். மேல்வரிசையில் ஒரு முன்பல், பக்கத்துப் பல்லின் மேல் லேசாகச் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வை அவன் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வான்.

"இடது பக்கம் கொஞ்சம் உறுத்துது, கல்யாணத்துக்கு முன்னாடி சரி பண்ணிக் கொடுங்க," என்றார் அவர் குரலைத் தாழ்த்தி. "ஆனா அந்தக் கோணல் பல்லை மட்டும் நேராக்கிடாதீங்க. அதைப் பார்த்துத்தான் உங்க அத்தை என்னைக் கட்டிக்கச் சம்மதிச்சா."