கூட வந்தவங்க

போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வீடியோவை ஓடவிட்டாள்.

அந்தப் பக்கம் திருப்பூர். சாப்பாட்டு நேரம். பனியன் கம்பெனிக்கு வெளியே மரத்தடியில் டிபன் பாக்ஸ் மூடிகள் திறக்கும் சத்தம்.

இந்தப் பக்கம் சென்னை அலுவலகத்தின் பின்னறை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் வரமாட்டாள் என்று எப்போதோ முடிவு செய்திருந்தார்கள்.

பெண்களின் உடம்புக்காகவும் கூலிக்காகவும் வழக்காடும் அமைப்பு அது. வீடியோ எடுப்பது, எழுதுவது, வெளியிடுவது எல்லாம் அவள் பொறுப்பு.

வெளியிடும் முன்பு, கதையைச் சொன்னவருக்கே ஒருமுறை போட்டுக் காட்ட வேண்டும். அவர் சம்மதம் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும்.

அந்த விதியை எழுதியதும் அவள்தான்.

லேப்டாப் மூலையில் சிவப்புப் புள்ளி எரிந்தது. பதிவாகிறது.

திரையில் ஒரு பெண்ணின் முதுகு. கீழே 'வெண்ணிலா' என்று ஒரு பெயர். பெயர் மாற்றப்பட்டுள்ளது.

குரலும் மாற்றப்பட்டதுதான். கதையைச் சொன்ன, இப்போது போனில் இருக்கும் பாவாத்தாளின் குரல் கேட்டால் சூப்பர்வைசருக்கு உடனே தெரிந்துவிடும். அதனால் பாவாத்தாள் சொன்னதையெல்லாம் தாளில் எழுதி, தெரு ஹாரன் விழாமலிருக்கத் தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, இவளே பேசிப் பதிவு செய்திருந்தாள்.

மாதாமாதம் வயிற்றுவலிக்குக் கம்பெனியில் கொடுத்த மாத்திரை. அட்டையில் பேர் இருக்காது. விழுங்கிவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்த வருஷங்கள். நிற்காத ரத்தம். கடைசியில் கர்ப்பப்பையையே எடுத்தது. படுத்திருந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது என்றது.

வழக்கில் கம்பெனி வக்கீல் ஒரே ஒரு பொய்க்காகக் காத்திருந்தார். ஒரு வரி பொய்யென்றால் எல்லாமே பொய் என்பார்.

வீடியோ முடிந்தது.

"ஏனுங்க்கா, வெண்ணிலான்னு பேரு நல்லாத்தானுங்க இருக்குது. எங்கய்யனுக்கு இது தோணாமப் போச்சு பாருங்க."

பின்னால் சிரிப்பு. "ஏய் வெண்ணிலா, அந்தக் கொழம்ப இப்பிடித் தள்ளு" என்றது ஒரு குரல்.

அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

"எல்லாம் சரியா இருக்குங்களா? வெளியிடச் சம்மதமா?"

"எல்லாஞ் சரிதானுங்க. ஒண்ணு மட்டும் நான் சொல்லலீங்களே."

"எது?"

"கண்ணு முழிச்சப்ப பக்கத்துல ஒருத்தருமே இல்லீன்னு வருதுங்களே. நர்சம்மா வந்து, கூட வந்தவங்க எங்கன்னு கேட்டாங்கன்னு. எனக்குத்தான் எங்க தையல் லைன் புள்ளைங்க அத்தனையும் வந்து நின்னுச்சுங்களே. கூட்டம் போடாதீங்கன்னு அந்த நர்சம்மா தொரத்தியே உட்டாங்க."

தாளை எடுத்துப் பார்த்தாள்.

தாளில் அந்த வரி இல்லை.

கம்பளிக்குள், இருட்டில், வாய் தானாகச் சொல்லியிருக்கிறது. பிறகு எத்தனையோ முறை போட்டுக் கேட்டாள். உறுத்தவில்லை. நடந்ததுபோலவே இருந்தது.

"தப்பு நடந்துபோச்சுங்க. எடுத்துடறேன்."

"இருந்துட்டுப் போவட்டுமே. கேக்கறப்ப எனக்கே கண்ணு கலங்கிப்போச்சு."

"முடியாது. அது நீங்க சொன்னது இல்ல."

வெட்டினாள்.

வரி போன இடத்தில் சின்னதாக ஓர் இடைவெளி. அடுத்த வாக்கியத்தை இழுத்து ஒட்டவைத்தாள். அங்கே எதுவும் இருந்த மாதிரியே தெரியவில்லை.

போனில் சிரிப்பும் பேச்சும் தேய்ந்தன. பாவாத்தாள் எழுந்து தள்ளி நடந்திருக்க வேண்டும்.

"அக்கா."

"சொல்லுங்க."

"நர்சம்மா கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"கீழ சாப்பிடப் போயிருக்காங்கன்னு சொன்னேன்."

சொன்ன பிறகுதான், சொல்லிவிட்டது தெரிந்தது.

"அப்பறம்?"

"சாயந்தரம் மறுபடி வந்து கேட்டாங்க. இன்னும் சாப்பிட்டு முடிக்கலன்னு சொன்னேன்."

பாவாத்தாள் சிரிக்கவில்லை.

"மறுக்கா செக்கப்புக்குப் போவோணுமுங்களே. எப்ப?"

"வியாழக்கிழமை."

"யாரு கூட வர்றாங்க?"

தாளை நான்காக மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"எங்க லைன்ல தனம்னு ஒரு புள்ள இருக்குதுங்க. அவ தங்கச்சிய மெட்ராசுலதான் கட்டிக் குடுத்துருக்குது. அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லி வெக்கறனுங்க."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாங்க."

"இருங்க, மொறையாக் கேக்கறேன்." பாவாத்தாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, இவளுடைய சென்னைப் பேச்சிலேயே கேட்டாள். "இத வெளிய சொல்லச் சம்மதமா? வேணும்னா பேர மாத்திக்கலாம்."

அப்புறம் அவளுக்கே ஏதோ தோன்றியதுபோல நிறுத்தினாள்.

"மாத்தறதுன்னாலும் மொதல்ல பேரு தெரியோணுமே. நீங்க வந்த நாள்லருந்து அக்கா அக்கான்னே கூப்புட்டுட்டுக் கெடக்கறேன். உங்க பேரு என்னங்க?"

சிவப்புப் புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

கை மவுஸ் வரைக்கும் போனது.

அணைக்காமலே, சொன்னாள்.