மூடாத கண்கள்

குறிஞ்சிப்பாடியில் சாமியானாத் துணியின் நீல வெளிச்சம் ராஜமாணிக்கத்தின் முகத்தில் விழுகிறது. காலையில் இறந்தவரின் கண்கள் இன்னும் திறந்தே இருக்கின்றன. அந்தக் கண்களைத் தானமாக எழுதிக் கொடுத்திருந்தார். தலைமாட்டில் டேபிள் ஃபேன் சுழல்கிறது. மகள் இளமதி இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைக்கப் போனபோதெல்லாம் அத்தை சௌந்தரம் கையைத் தட்டிவிட்டிருக்கிறாள். "இளவரசு வரட்டும்டி. எங்கண்ணன் புள்ளயத்தான் தேடுது. பாக்காம மூடுனா கட்ட வேவாது." சிதம்பரத்திலிருந்து வந்திருக்கும் கண் வங்கி ஊழியர் சார்லஸ் ஃபேனை நிறுத்திவிட்டு, குனிந்து டார்ச் அடிக்கிறார். கருவிழிகளின் மேல் காய்ந்த வடிகஞ்சி போல ஒரு படலம். "மூடி வச்சிருந்தா எடுத்திருக்கலாம்மா. காத்துல காஞ்சிபோச்சு." கொண்டுவந்த ஐஸ் பெட்டியைத் திறக்காமலே தூக்கிக்கொள்கிறார். இளமதியின் கைக்குள் பஞ்சு நசுங்குகிறது. தண்ணீர் பாயில் சொட்டுகிறது. தெருமுனையில் கார் நிற்க, இளவரசு ஓடி வந்து அப்பாவின் காலில் விழுகிறான். "மூஞ்சியப் பாருடா, உன்னயத்தான் பாக்குது" என்று அத்தை அலறுகிறாள். வாசலில் சார்லஸ் போனைக் காதில் வைத்துத் தாழ்ந்த குரலில் பேசுகிறார். "பெண்ணாடத்து அக்கா, கண்ணுல கரும்புச் சோகை கிழிச்சவங்க, ஆபரேஷனுக்காகப் பட்டினியா இருக்காங்கல்ல? அவுங்கள சாப்பிடச் சொல்லிடுங்க சார்."