சீமாட்டியின் நாய்

வாரப் பத்திரிகையின் நகைச்சுவைத் தொடரில் வரும் ஜமீன்தாரிணிக்கு, ஓவியர் தணிகாசலம் தன் மனைவி விசாலத்தையே உட்காரவைத்து வரைவார். பிரம்பு பிய்ந்த நாற்காலியில் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்காருவாள். அச்சில் வரும்போது வைரத்தோடு மின்ன, சோபாவில் சாய்ந்து, சடைநாயைக் கொஞ்சிச் சிரிக்கிற சீமாட்டியாக இருப்பாள். குழந்தைதான் அந்த நாய். படத்தைப் பார்த்து ஊரே சிரித்தது.

தொடர் முடிவதற்குள் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. அதற்கு ஒரு போட்டோகூட எடுத்திருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, விசாலம் பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தாள்.

“இந்த நாயை அழிச்சிட்டு நம்ம பாப்பாவப் போட்டுக் குடுங்க.”

வெள்ளை வர்ணம் பூசி நாயை மறைத்தார். அது காய்ந்த பிறகும் தூரிகை நகரவில்லை. முகம் பிடிபடவே இல்லை. அத்தனை வாரமும் அவர் அந்த மடியில் நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தில் இரண்டு கைகள் ஒன்றுமில்லாததை அணைத்திருந்தன. மேலே அந்தச் சிரிப்பு.

“சிரிப்பையும் அழிச்சிடறேன், விசாலம்.”

“அத விடுங்க. அன்னிக்கு அவ என் மூக்கப் புடிச்சி இழுத்தா. அதுக்குச் சிரிச்சது.”