மூன்றாவது இலை

"விஷயம் தெரியுமோ? உங்க பொண்ணு நேத்திக்கு ஸ்கூல்ல செவ்விந்தியர் ஆயிட்டா!"

ருக்மிணி மேடம் சோபாவில் சரியாக உட்காரக்கூட இல்லை, அதற்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் அதே அபார்ட்மென்ட், எதிர் பிளாக். தீக்ஷா நாலாவது படிக்கும் பள்ளியில் டீச்சருக்கு உதவியாக வேலை பார்ப்பவர். நல்ல மனுஷி, வாய்தான் கொஞ்சம் நீளம்.

சேனாபதியும் சிரித்துவைத்தான். பெல் சத்தம் கேட்டதுமே ஹாலில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைக் கழற்றி க்ளோசெட்டுக்குள் வைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்திருந்தான். அப்பா போய் நாலு மாசம்தான் ஆகிறது. படத்தைப் பார்த்தால் வருகிறவர்கள் எல்லாம் துக்கம் விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள், அந்தப் பேச்சே அவனுக்கு ஆகாது.

"அப்படி என்ன மேடம் பண்ணிட்டா?"

"அவ டீச்சர் மிஸ் கார்ட்டர் காரிடார் சுவத்துல பெரிய மரம் ஒண்ணு வரைஞ்சு வெச்சிருக்காங்க. இன்டிஜினஸ்... அதான், ஒரு மண்ணுல எல்லாருக்கும் முன்னாடி இருந்த ஆதிக்குடி. அந்த மாதிரி குடும்பத்துக் குழந்தைங்க இருந்தா, பேரை எழுதி ஒரு இலை ஒட்டலாம்னு சொன்னாங்க. இஷ்டம் இருந்தா மட்டும், கட்டாயம் கிடையாது. மொத்த ஸ்கூலுக்கும் ரெண்டு இலைதான் விழுந்துது. மூணாவதா எழுந்து போய் ஒட்டினது யாருங்கறீங்க? உங்க தீக்ஷா!"

"அய்யய்யோ."

"இவகூடப் படிக்கிற க்ரிஷ் இருக்கானே, 'நாம அந்த இந்தியன் இல்ல'ன்னு அவன் கத்த, கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்சிருக்கு. இவ அசையவே இல்ல. எனக்கும் சிரிப்புதான். ஆனா உங்க க்ரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்கே? பொய்யா க்ளெய்ம் பண்றாங்கன்னு யாராவது கிளப்பிவிட்டா வீண் வம்பு. ஆமா, உங்களுக்குச் சொந்த ஊர் எதுன்னு சொன்னீங்க?"

"செங்கல்பட்டு பக்கம்... சென்னைன்னே வெச்சுக்குங்க."

சேனாபதி அவசரமாக எழுந்தான். "நாளைக்கே வந்து சரி பண்ணிடறேன் மேடம்" என்று அவரை வழியனுப்பிவிட்டு நேரே மகளின் அறைக்குப் போனான். மனைவி மாளவிகா ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போயிருந்தாள், அவள் வருவதற்குள் இதை முடித்துவிட வேண்டும்.

தீக்ஷாவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். போன லீவில் ஊருக்குப் போய், படுத்த படுக்கையாகக் கிடந்த தாத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளே, அங்கேயும் இதே கதைதான். அவர் பாட்டுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போவார், இவள் 'ஓகே தாத்தா, ஓகே தாத்தா' என்று தலையாட்டுவாள்.

"இங்க பாரு கண்ணா. அவங்க அமெரிக்கன் இந்தியன். நாம இந்தியாவுல இருந்து வந்த இந்தியன். பேர்தான் ஒண்ணு, ஆளுங்க வேற. புரியுதா?"

"மிஸ் கார்ட்டர் டிட்ன்ட் சே இந்தியன், அப்பா. ஷீ செட் இன்டிஜினஸ்."

"எல்லாம் ஒண்ணுதான். சும்மா எதிர்த்துப் பேசாத!"

அவன் அவளிடம் குரலை உயர்த்துகிறவனே இல்லை. குழந்தை மிரண்டு போய் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் பள்ளி விடும் நேரத்துக்கு காரிடாரில் போய் நின்றான். அவ்வளவு பெரிய மரத்தில் மூன்றே மூன்று இலைகள், பார்க்கவே பாவமாக இருந்தது. "கொலம்பஸ் பண்ணின அதே தப்பை என் பொண்ணும் பண்ணிட்டா" என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த ஜோக்கை இங்கிலீஷில் எடுத்துவிட்டான். ருக்மிணி மேடம் கைதட்டிச் சிரித்தார். மிஸ் கார்ட்டர் சிரிக்கவில்லை.

"ஒட்டியது அவள். எடுப்பதானாலும் அவளேதான் எடுக்க வேண்டும்" என்றார். பிறகு குனிந்து, "உனக்கு எது நிஜம் என்று தோன்றுகிறதோ அதைச் சொல், தீக்ஷா" என்று சொன்னார்.

தீக்ஷா அப்பாவைத்தான் பார்த்தாள். இவள் வாயைத் திறந்து ஏதாவது உளறி வைப்பாளோ என்று சேனாபதிக்குப் பயம். சிரித்த முகமாகவே, 'எடு' என்று கண்ணைக் காட்டினான்.

"ஐ மேட் எ மிஸ்டேக்" என்றாள் தீக்ஷா. எக்கி நின்று, ஒரு ஓரமும் கிழியாமல், மெதுவாக இலையைப் பிய்த்தெடுத்தாள்.

பெற்ற மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்தது. ஆனாலும் அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. ருக்மிணி மேடம், "இவ்வளவுதானே, சமத்து!" என்று குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

காரில் ஏறியதும், "ஐஸ்க்ரீம் சாப்பிடப் போலாமா?" என்று கேட்டான். கண்ணாடியில் பார்த்தால், பின்சீட்டில் தீக்ஷா மடியில் அந்தக் காகித இலையை வைத்துக்கொண்டு பொலபொலவென்று அழுதுகொண்டிருந்தாள்.

"அழாதடா செல்லம். தப்பு எல்லாரும் பண்றதுதானே? ஏதோ தெரியாம பண்ணிட்ட, விடு."

தீக்ஷா மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி, தமிழிலேயே கேட்டாள்.

"அப்போ... நாம இருளர்னு தாத்தா சொன்னது பொய்யாப்பா?"