அறுபத்துநான்கு நம்பர்கள்

"லிஃப்டுல மட்டும் ஏறிடாதே! நான் சொல்ற வரைக்கும் வீட்டு வாசலைத் தாண்டாதே!"

மறுமுனையில் மனைவி. எட்டு மாதக் கர்ப்பம். நான்கு மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். படி இறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீடோ ஆறாவது மாடி.

"ஏங்க, என்னாச்சு?"

"எங்க கம்பெனி லிஃப்ட் பிரேக்குல கோளாறாம். அறுபத்துநாலு பேட்ச் நம்பர் வந்திருக்கு. எந்தெந்தக் கட்டடத்துல மாட்டியிருக்குன்னு ரிப்போர்ட் எடுக்கறேன்."

"அறுபத்துநாலா? அப்போ ரெண்டாப் பிரிச்சுல்ல போடணும்?"

"ஆமாமா. வை, கூப்பிடறேன்."

எதற்கெடுத்தாலும் அட்டவணை போடுவதால் அலுவலகத்தில் அவன் பெயரே 'அட்டவணை'. அந்த ரிப்போர்ட் சாஃப்ட்வேர் ஒரு தடவைக்கு ஐம்பது நம்பர்தான் வாங்கும். மேலே ஒன்று போட்டாலும் அதைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும். அதனால் ஐம்பது வரை ஒரு ரிப்போர்ட், ஐம்பத்தொன்றிலிருந்து இன்னொரு ரிப்போர்ட் என்று பிரித்துப் போட்டான்.

ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தான். முதல் ரிப்போர்ட்டில் அவர்கள் குடியிருப்பு இல்லை. இரண்டாவதிலும் இல்லை. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது.

"நம்ம லிஃப்ட் இல்லம்மா! தைரியமா இறங்கு."

"ஏங்க, ஒரு நிமிஷம், நீங்க அந்த..."

அவள் முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டான். மேலாளர் ரிப்போர்ட்டும் கையுமாக எதிரே நின்றார்.

"என்னய்யா, அறுபத்துமூணு நம்பர்தான் இருக்கு?"

"இருக்காதே சார். ஐம்பதும் பதினாலும்..."

"எண்ணிப் பாரு."

எண்ணினான். முதல் ரிப்போர்ட்டில் நாற்பத்தொன்பதுதான். அவசரத்தில் 'பேட்ச் நம்பர்' என்ற தலைப்பு வரியையும் சேர்த்து ஒட்டியிருக்கிறான். பாழாய்ப்போன சாஃப்ட்வேர் தலைப்பையும் ஒரு நம்பராக எண்ணிக்கொண்டு, ஐம்பதாவது நம்பரைக் கழற்றி விட்டிருந்தது.

அதை மட்டும் தனியாகப் போட்டான். ஒரே ஒரு வரி வந்தது. அவர்கள் குடியிருப்பு.

"ஐயோ!"

போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டான். எடுக்கவில்லை. "நானே ஏறச் சொல்லிட்டேன் சார், நானே..." என்று அழுதேவிட்டான். மேலாளர் அவனைப் பிடித்து உட்கார வைத்தார்.

நான்காவது தடவை எடுத்தாள். மூச்சு வாங்கியது.

"எங்கம்மா இருக்கே? லிஃப்டுலயா?"

"வீட்லதாங்க. வேற யாரும் ஏறிடக் கூடாதேன்னு லிஃப்ட் வாசல்ல நாற்காலியைக் குறுக்கே போட்டுட்டு வர்றேன். ஆபீஸ்ல அந்த சீட்டுல உங்களுக்கு முன்னாடி ஆறு வருஷம் இருந்தவ நான். பிரிச்சுப் போடறதை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தப்பவே, தலைப்பு வரியை எடுங்க எடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, ஒரு தடவையாவது எடுத்திருக்கீங்களா?"