நாலு துளைகள்

ஆஸ்திரேலியாவின் பென்ரித் நகரம் ஜனவரி மாதக் கோடை வெயிலில் வெந்துகொண்டிருக்கிறது. நாற்பத்து நாலு டிகிரி. தெருவெங்கும் தார் இளகி மின்னுகிறது. கெரின் வீட்டு வாசல் மரத்தடி மட்டும் ஈரத்துணி விரித்ததுபோல் இருண்டு கிடக்கிறது. மேற்கு பார்த்த அறையில் அவளுடைய பத்து நாள் குழந்தை தூங்குவது இந்த நிழலை நம்பித்தான். குப்பைத்தொட்டியை உள்ளே இழுக்க வந்தவள் அப்படியே நிற்கிறாள். ஒரு பக்கத்துக் கிளையில் இலைகள் உதிராமலே பொசுங்கிப்போய்த் தொங்குகின்றன. குனிந்து பார்க்கிறாள். அடிமரத்தில், புல் மறைக்கும் உயரத்தில், விரல் நுழையும் அளவுக்கு நாலு துளைகள். துளைகளின் வாயில் புது மரத்தூள். மூக்கைச் சுருக்க வைக்கும் களைக்கொல்லி மருந்து நெடி. நிமிர்ந்து பார்க்கிறாள். பக்கத்து வீட்டுக் கூரையில் போன மாதம் ஏறிய சோலார் தகடுகளில் பாதி, இதே நிழலில் மங்கிக் கிடக்கின்றன. அந்த வீட்டுக்கார டெஸ், வழக்கம்போல் காரைக் கொண்டுவந்து மரத்தடியிலேயே நிறுத்துகிறார்.

“என்ன கெரின், பேயடிச்ச மாதிரி நிக்கிறே?”

“மரத்துல யாரோ ஓட்டை போட்டு மருந்து ஊத்தியிருக்காங்க, டெஸ்.”

அவர் மரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வெயில்தாம்மா. எல்லாந்தான் காயுது.” முன்பக்கம் வெயிலில் நீட்டிக்கொண்டிருக்கிறதென்று வண்டியை இன்னும் ஓரடி நிழலுக்குள் தள்ளுகிறார். “நாளைக்கு நாப்பத்தாறு டிகிரியாம். இந்த இடத்த எனக்கு விட்டுவை, என்ன?”